ஓபன் சீக்ரெட்டும் சிதம்பர ரகசியமும்

ஆங்கிலத்தில் 'ஓபன் சீக்ரெட்' வருகிற இடத்தில் 'சிதம்பர ரகசியம்' என்று போட்டுவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் மட்டுமல்ல, விமர்சகர்களும். மண்வாசனையோடு பெயர்த்துவிட்ட திருப்தி வேறு. இரண்டும் ஒன்றல்ல. ஒன்றாக்குவது சௌகரியமான பொய்.

சிதம்பரத்தில் நடராஜர் பக்கத்தில் ஒரு திரை. தீட்சிதர் அதை விலக்கித் தீபாராதனை காட்டுகிறார். பொன் வில்வ மாலைகள் தொங்குகின்றன, மூர்த்தி இல்லை. இருப்பது ஆகாசம். கேட்டவனுக்கெல்லாம் காட்டப்படுகிறது, காண்பது அவனவன் பாடு. இங்கே மறைப்பவன் யாருமில்லை.

ஓபன் சீக்ரெட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. முழுப் பூசணிக்காயை ஒருவன் சோற்றில் மறைக்கிறான். பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துபோகிறது.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்ப் பழகியவர்களுக்கு இது விளங்கும். சிப்காட் பக்கம் வந்ததும் துண்டும் முந்தானையும் தாமாக மூக்குக்குப் போகும். டிக்கெட் பேச்சு, கல்யாணப் பேச்சு நிற்காது. நாற்றம் பற்றி மட்டும் பேச்சில்லை. 2004-இல் அந்தப் பகுதி மக்கள் பிளாஸ்டிக் வாளிகளில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பி, காற்றில் கலந்திருந்த ரசாயனங்களைப் பெயர் சொல்லி அறிக்கை வெளியிட்டார்கள். நாற்றம் அன்றே போய்விடவில்லை. ஆனால் அதற்குப் பெயர் வந்துவிட்டது. ரகசியம் முடிந்தது.

படித்தவர்கள் கார்லைலைக் கொண்டுவரலாம். கதேயின் சொல்லை எடுத்து, வீரர் வழிபாடு பற்றிய நூலில் (1841), எல்லோர்முன்னும் திறந்துகிடந்தும் பெரும்பாலோர் காணாதது என்ற பொருளில் அவர் கையாண்டார். அது சிதம்பரத்துக்குச் சமீபம்தான். ஆனால் அந்த அர்த்தம் ஆங்கிலத்திலேயே தேய்ந்துவிட்டது. இன்றைய பத்திரிகை ஆங்கிலத்தில் அந்தச் சொல் லஞ்சத்துக்கும் கள்ள உறவுக்கும்தான் பயன்படுகிறது. பெயர்க்க வேண்டியது கார்லைலை அல்ல, இதை.

இதற்குத் தமிழில் 'ஊரறிந்த ரகசியம்' இருக்கிறது. அதைச் சொன்னால் ஊர் மாட்டிக்கொள்ளும். சொன்னவனும் ஊரில் ஒருவன். ஆகவே சிதம்பரம். யார் புத்தகத்துக்கு யார் எதற்காக மதிப்புரை எழுதுகிறார், பரிசு எந்தத் திண்ணையில் முடிவாகிறது, எந்த ஜாதிக்காரன் கவிதை எந்த ஜாதிக்காரனுக்குப் புரிகிறது என்பதையெல்லாம் 'சிதம்பர ரகசியம்' என்று நம் பக்கங்களிலேயே எழுதுகிறோம். கோழைத்தனத்துக்குக் கற்பூரம் காட்டுகிற காரியம் இது.

அடுத்தமுறை அந்தச் சொல் பேனாவில் வரும்போது பெயரைச் சொல்லுங்கள். முடியாவிட்டால், 'மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதுங்கள். மொழிபெயர்ப்பாகவும் அது சரியாக இருக்கும்.