கண்டிடாட் என்றால் வேட்பாளரா?

பட்டம் வாங்கிய கையோடு, ஒரு தனியார் கல்லூரியில் சில காலம் வேலை செய்தேன். விரிவுரையாளர் பணிக்கு வரும் விண்ணப்பங்களை வகை பிரிப்பது என் பொறுப்பு. முனைவர் பட்டம் உள்ளவர்கள் ஒரு கோப்பில், முதுகலை உள்ளவர்கள் இன்னொன்றில், மற்றவர்கள் மூன்றாவதில்.

ஒருநாள் ரஷ்யாவில் படித்த நம்மவர் ஒருவரின் விண்ணப்பம் வந்தது. ஐந்தாண்டுப் பொறியியல், அதன் பிறகு ஆய்வு. கடைசிச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் 'கேண்டிடேட் ஆஃப் டெக்னிக்கல் சயன்சஸ்' என்றிருந்தது. இங்கே ஆய்வேட்டை இன்னும் முடிக்காதவரைத்தானே 'பிஎச்.டி. கேண்டிடேட்' என்கிறோம்? பாதியில் நிற்கிறார் போலும் என்று முதுகலைக் கோப்பில் வைத்தேன். பிறகு பார்த்தால் முதுகலைச் சான்றிதழே இல்லை. எடுத்து மூன்றாவது கோப்பில் போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். நான் காரணத்தைச் சொன்னதும் சிரித்தார். "தம்பி, நான் வேட்பாளர் இல்லப்பா, தேர்தல்ல ஜெயிச்சு வந்தவன்" என்றார். அதற்குள் நேர்முகத் தேர்வு முடிந்து, வேறொருவருக்கு நியமனக் கடிதமும் போய்விட்டது.

அன்று தொடங்கி ரஷ்யப் பட்டங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். குற்ற உணர்ச்சிதான் காரணம், வேறென்ன!

அக்டோபர் புரட்சிக்குப் பின் 1918இல் அங்கே கல்விப் பட்டங்களையே ஒழித்துவிட்டார்கள். 1934இல் அவற்றை மீண்டும் கொண்டுவந்தபோது இரண்டு படிகளாக அமைத்தார்கள். முதற்படி 'கண்டிடாட் நாவுக்'. அதற்கு மேல் 'டாக்டர் நாவுக்'. நாவுக் என்றால் அறிவியல் மட்டுமன்று. மொழியும் வரலாறும்கூட அதில் அடக்கம். இளங்கலை, முதுகலை என்ற பிரிவு சோவியத் காலத்தில் வழக்கத்தில் இல்லை. பள்ளி முடித்தவர் பெரும்பாலும் ஐந்தாண்டு படித்து 'ஸ்பெஷலிஸ்ட்' பட்டயம் பெறுவார். பிறகு 'அஸ்பிரந்தூரா' எனும் மூன்றாண்டு ஆய்வுப் படிப்பு. தத்துவம், அயல்மொழி, சொந்தத் துறை ஆகியவற்றில் தேர்வுகள். ஆய்வேட்டை ஆய்வு மன்றத்தின் முன் வாதாடிக் காக்க வேண்டும். உறுப்பினர்கள் இரகசிய வாக்கெடுப்பு நடத்துவார்கள். அதோடும் முடியாது. பட்டத்தை உறுதி செய்தது பல்கலைக்கழகமன்று, மாஸ்கோவிலுள்ள உயர் சான்றளிப்பு ஆணையம். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகம் போன்ற சிலவற்றுக்குத் தாமே பட்டம் வழங்கும் உரிமை பரவலாகக் கிடைத்தது.

ஆக, நம்முடைய பிஎச்.டி.க்கு இணை கண்டிடாட். டாக்டர் நாவுக் அதற்கும் மேலே. இன்னோர் ஆய்வேடு, இன்னும் பல்லாண்டு உழைப்பு. பலர் அந்தப் பக்கமே போவதில்லை. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு தமிழ் கற்பித்து, 2020இல் மறைந்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கியை நம் தமிழ்த்துறை மாணவர்கள் அறிந்திருப்பீர்கள். சங்க இலக்கியத்தில் தோய்ந்த அந்த அறிஞர் பெற்றிருந்ததும் கண்டிடாட் பட்டமே. அவருடைய விண்ணப்பம் அன்று என் மேசைக்கு வந்திருந்தால் அவரையும் மூன்றாவது கோப்பில் போட்டிருப்பேன்!

மருத்துவத்தில் குழப்பம் தலைகீழ். நம் குடும்பங்களில் ரஷ்யா என்றாலே மருத்துவம்தான். உள்ளூரில் இடம் கிடைக்காத பிள்ளைகளில் பலர் மாஸ்கோவுக்கும் கூர்ஸ்க் நகருக்கும் போனார்கள். என் சித்தி மகளும் அப்படிப் போய் ஆறாண்டு படித்து வந்தாள். அவளுடைய பட்டயத்தின் ஆங்கில வடிவில் 'எம்.டி.' என்றிருந்தது. திருமண வீடொன்றில் அத்தை ஒருவர், "எம்.டி.யே முடிச்சிட்டாளா, அப்போ ஸ்பெஷலிஸ்ட்டு!" என்று பெருமைப்பட்டார். இந்தியாவில் எம்.டி. மேற்படிப்பு, அங்கேயோ அது எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இணையான முதற்பட்டம். சிறப்பு மருத்துவராக அதற்குப் பிறகு 'ஓர்தினத்தூரா' பயிற்சி வேண்டும். ஒருவரைத் தாழ்த்தியதும் ஒருத்தியை உயர்த்தியதும் ஒரே அறியாமைதான்.

"காசு இருந்தால் போதும், அங்கே யாரும் படிக்கலாம்" என்று அலட்சியமாகப் பேசுவோரும் உண்டு. எல்லா ரஷ்யக் கல்லூரியும் ஒரே தரம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் தேர்வு எப்படி நடக்கும் என்று தங்கை சொன்னதைக் கேட்டபோது எனக்கு வியர்த்தது. மேசைமேல் 'பிலெட்' எனப்படும் வினாச்சீட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்றை எடுக்க வேண்டும். சற்று நேரம் குறிப்பெடுத்துக்கொண்டு பேராசிரியருக்கு எதிரே அமர்ந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். தெரிந்ததை நாலு பக்கம் எழுதி நிரப்பும் நம் வித்தை அங்கே பலிக்காது. மதிப்பெண் ஐந்து, நான்கு, மூன்று. இரண்டு என்றால் தோல்வி. நான்கில் மூன்று பங்குக்கு ஐந்தும், எஞ்சியவற்றுக்கு நான்கும் வாங்கி, இறுதித் தேர்விலும் ஐந்து பெற்றவருக்கே சிவப்பு அட்டைப் பட்டயம். தங்கைக்குக் கிடைத்தது நீலம். தோழியின் சிவப்பு அட்டையைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

இந்த ஏற்பாடும் மாறிக்கொண்டே வருகிறது. 2003இல் ரஷ்யா ஐரோப்பாவின் பொலோனியா உடன்பாட்டில் சேர்ந்தது. நான்காண்டு இளங்கலை, ஈராண்டு முதுகலை என்ற முறை பரவியது. மருத்துவம் ஆறாண்டிலேயே நின்றது. உக்ரேன் போருக்குப் பின் 2022இல் அந்த உறவு முறிந்தது. 2023 மே மாத அதிபர் ஆணையின்படி, நான்கு முதல் ஆறாண்டு வரை அடிப்படை உயர்கல்வி, அதன்மேல் சிறப்பு உயர்கல்வி என்ற அமைப்பு முதலில் ஆறு பல்கலைக்கழகங்களில் சோதனைக்கு வந்தது. ஆகவே அண்ணன், தம்பி, அண்ணன் மகன் மூவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தாலும் மூன்று விதமான சான்றிதழோடு வீடு திரும்பலாம்.

பிள்ளையை அனுப்பும் பெற்றோர் முகவரிடம் கேட்பது இரண்டே கேள்விகள்: எத்தனை ஆயிரம் ரிங்கிட்? அங்கீகாரம் உண்டா? இரண்டும் தேவைதான். மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலைப் பாராமல் அடியெடுத்து வைக்கக் கூடாது. ஆனால் அங்கீகாரம் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. சான்றிதழைப் பிரித்துப் பார்க்கும் குமாஸ்தாவுக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. தாளில் இருந்த பெயரைப் படித்தேனே தவிர, எத்தனை ஆண்டு, எத்தனை தேர்வு, எவர் முன்னிலையில் என்று பார்க்கவில்லை. எட்டாண்டு உழைத்த ஒருவருக்கு அதனால் ஒரு வேலை போயிற்று. அவர் பிறகு வேறொரு கல்லூரியில் சேர்ந்தார். அதற்குள் மேலும் இரண்டாண்டு ஓடிவிட்டது.

நம் மொழிக் கழகம் ஆண்டுதோறும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு வழிகாட்டி நிகழ்ச்சி நடத்துகிறது. அடுத்த முறை மேசையில் ஒரே ஒரு தாள் கூடுதலாக வைப்போமே: ரஷ்யப் பட்டத்தின் பெயர், படிப்புக் காலம், நம் நாட்டில் அதற்கு இணை எது, தமிழில் மூன்று பத்திகளாக. ரஷ்ய எழுத்துகளைத் தட்டச்சு செய்து தர நான் தயார். தங்கை சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.