உப்பின் சுவையும் மூட்டையின் தையலும்

தோழா!

மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருப்பாய். பாத்தியிலே நீர் தேக்கி, பகலவன் கொடுமையைத் தாங்கி, வெண்மணியாய் வாரிக் குவிக்கிறானே தொழிலாளி, அந்த உப்பை மதிப்பிடுவோர் சுவையைப் பார்ப்பரா, மூட்டையின் தையலைப் பார்ப்பரா?

உப்புக்குக் கிட்டும் நீதி, உப்பளத்தான் மகனுக்குக் கிட்டவில்லை!

தமிழ்வழியிலே பள்ளிப்படிப்பை முடித்து, குடும்பத்திலே முதல்வனாய்க் கல்லூரி ஏறுகிறான். தேர்விலே ஆங்கிலத்தில் கட்டுரை தீட்டுகிறான். கருத்து இருக்கிறது, காரணம் இருக்கிறது, நடையிலே மட்டும் தடுமாற்றம். விடைத்தாளில் பெயரை மறைத்து எண் இடுகிறார்கள். பெயர் மறையும், பிறந்த குடிசை மறையுமா? முதல் வரியே காட்டிக் கொடுக்கிறது. சிவப்பு மை சீறுகிறது, சிந்தனை பாழாகிறது! வழவழப்பான ஆங்கிலத்தில் வெற்றுரை வரைந்தவனோ வாகை சூடுகிறான்!

"தரம் கெடும்" என்பர் தகுதி பேசுவோர். மரக்காணத்துக்கு வடக்கே, இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியதன்றோ சிறுபாணாற்றுப்படை! உமணரின் உப்பு வண்டிக்கும் அதிலே இடமுண்டு. இந்தக் கரைக்கா தகுதி இல்லை?

1951-இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. 2020-இல் அரசுப்பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. வாயிற்கதவைத் திறந்துவிட்டு, விடைத்தாளிலே தாழ்ப்பாளா?

சலுகை அல்ல, சரியான தராசு கேட்கிறோம். கருத்துக்கு எத்தனை மதிப்பெண், நடைக்கு எத்தனை என்று எழுதுமுன்னரே அறிவியுங்கள். ஒரே பிழையைப் பத்துமுறை தண்டியாதீர். இருவர் தனித்தனியே திருத்தட்டும். மொழி வேண்டாமென்று சொல்லவில்லை. தண்டிக்குமுன் கற்றுக்கொடுங்கள் என்கிறோம்!

தோழா, உன் ஊர்க் கல்லூரி வாயிலில் இதைக் கேள். உரக்கக் கேள்!