சிப் கொண்டாட்டத்தில் காணாமல் போன கம்பைலர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

"சுதேசி சிப் வந்தாச்சு, இனி யாரையும் நம்பி இருக்க வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வரும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். அந்தச் சிப்புக்கான கம்பைலர் யார் செய்தது?

சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர் நமக்குப் பெருமை. 2018இல் சிப்பாக வந்து அதில் லினக்ஸ் ஓடியது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அது பேசுவது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பை. 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது அது. ஜிசிசி என்ற திறந்த மூலக் கம்பைலரை அதற்கேற்ப மாற்றும் வேலை முடிந்து, 2017இல் 7ஆம் பதிப்பில் சேர்ந்தது. யாரோ உட்கார்ந்து அதைச் செய்து வைத்ததால்தான் நாம் சி மொழியில் எழுதியது அந்தச் சிப்பில் ஓடுகிறது. அந்த 'யாரோ'க்களின் வரிசையில் நம் பிள்ளைகள் ஏன் இத்தனை குறைவு? என் சண்டை அதுதான்.

தெரியாதவர்களுக்காக: கல்யாண வீட்டில் சமையல் ஓரிடம், பந்தி ஓரிடம். கிராஸ் கம்பைலரும் அப்படித்தான். உங்கள் இன்டெல் லேப்டாப்பில் ஓடும். ஆனால் வேறொரு பிராசசருக்கான கட்டளைகளைத் தயாரித்துக் கொடுக்கும். புதிய பிராசசருக்கு அதை மாற்றுவது என்றால், முன்பாதியைத் தொட வேண்டியதில்லை. அந்தப் பிராசசரின் குணத்தைப் பின்பாதிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

குணம் என்றால்? 8085 படித்தவர்களுக்கு ஃபிளாக் தெரியும். ரிஸ்க்-ஃபைவில் அந்த மாதிரி ஃபிளாக்கே இல்லை. இரண்டு ரெஜிஸ்டரை ஒப்பிட்டுத் தாவுவது ஒரே கட்டளை. கூட்டல் கட்டளைக்குள் எண் வைக்க 12 பிட்தான் இடம். 2047 வரை நேராக வைக்கலாம். 5000 வேண்டுமென்றால் இரண்டு கட்டளையாக உடைக்க வேண்டும். 32 பிட் அடிப்படைத் தொகுப்பில் பெருக்கலே கிடையாது. கம்பைலர்தான் தன் துணை நூலகத்திலிருந்து ஒரு ஃபங்ஷனை அழைத்துச் சமாளிக்க வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதிவைப்பதுதான் வேலை.

நம் கல்லூரிகளில் என்ன நடக்கிறது? 'கம்பைலர் டிசைன்' என்று ஒரு பாடம் இருக்கிறது. "கம்பைலரின் கட்டங்களைப் படம் வரைந்து விளக்குக." மாணவன் பெட்டி பெட்டியாக வரைகிறான், மதிப்பெண் வாங்குகிறான். லேபில் ஒரு குட்டி கால்குலேட்டரோடு ஆண்டு முடிந்துவிடும். கோடு ஜெனரேஷன் கடைசி யூனிட். பல இடங்களில் "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்". நீச்சலைக் கரும்பலகையில் கற்றுக்கொடுத்தால் எவன் கிணற்றில் இறங்குவான்?

"இலவசமாகக் கிடைக்கிறதே சார், எதற்கு உள்ளே போய்க் கை வைக்க வேண்டும்?" என்பார்கள். ரிஸ்க்-ஃபைவின் பெரிய வசதியே, யார் வேண்டுமானாலும் சொந்தக் கட்டளை சேர்த்துக்கொள்ளலாம் என்பது. நாளைக்கு நம் ஆட்கள் ஒரு புதுக் கட்டளை சேர்த்தால், கம்பைலருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? இல்லையென்றால் ஒவ்வொரு இடத்திலும் கையால் அசெம்பிளி எழுத வேண்டியதுதான். அத்தனை உழைத்துச் சேர்த்த கட்டளை சிப்புக்குள் சும்மா கிடக்கும்.

தனியாக ஒரு நகலை மாற்றி வைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவதும் உதவாது. ஜிசிசிக்கு ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு வருகிறது. மூலத்தோடு சேராத மாற்றம் நாலைந்து வருடத்தில் எதனோடும் ஒட்டாமல் போய்விடும். எடுத்ததைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தால்தான் அது வாழும்.

"மாணவர்களால் முடியாது, லட்சக்கணக்கான வரிகள்" என்று இன்னொரு சாக்கு. முழுக்கப் படிக்கச் சொல்லவில்லையே! ஒவ்வொரு பிராசசருக்கும் தனி ஃபோல்டர் இருக்கிறது. உட்புறக் கையேடு இலவசம். போர்டு வாங்கக்கூடக் காசு வேண்டாம். கியூஎம்யூ எமுலேட்டர் போதும். முதலில் கருவிகளை மூலத்திலிருந்து கட்டட்டும். பைன்யூட்டில்ஸ், பிறகு ஒரு அரைகுறை கம்பைலர், பிறகு சி நூலகம், பிறகு முழுக் கம்பைலர். இந்த வரிசை ஏன் என்று புரிந்தாலே பாதிப் பாடம் முடிந்தது. பிறகு இரண்டு எண்களைப் பெருக்கும் மூன்று வரி புரோகிராம். பெருக்கல் கட்டளை உண்டு என்று சொல்லி ஒருமுறை, இல்லை என்று சொல்லி ஒருமுறை கம்பைல் செய்து, வெளிவரும் அசெம்பிளியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எந்தப் படமும் சொல்லாததை அது சொல்லும்.

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிலபஸ் மாறட்டும் என்று காத்திருக்காதீர்கள். இறுதியாண்டு புராஜெக்டில் ஒரே ஒரு குழுவுக்காவது இதைக் கொடுங்கள். இன்னும் எத்தனை வருடம் நூலக மேலாண்மை, வருகைப் பதிவு என்று அதே புராஜெக்டைத் தூசி தட்டிக்கொண்டிருப்பது?

சிப் செய்த கைகளுக்கு வணக்கம். அந்தச் சிப்போடு பேசும் கைகளையும் வளர்ப்போம். அதுவரை 'சுதேசி' என்ற சொல்லைக் கொஞ்சம் சிக்கனமாகவே பயன்படுத்துவோம்.