மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்



உங்கள் வீட்டில் மிக்சியோ மின்விசிறியோ நின்றுபோனால் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? "ரிப்பேர் பார்ப்பதைவிடப் புதிதாக வாங்கிவிடலாம்" என்கிறார்கள், அல்லவா? பல சமயம் அது சரியான முடிவாகவும் இருக்கும். ஆனால் அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். என்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுத் தொடங்குகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. 1974-ல் என் தந்தையார் வாங்கியது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி இது. 1955 முதல் நம் சென்னையில் உருவாயிற்று. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையே திருவொற்றியூரில் செய்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனி மறைந்த பிறகும் இங்கே வண்டி வந்துகொண்டே இருந்தது.

சென்ற ஆண்டு எங்கள் புல்லட் நீலப் புகை விடத் தொடங்கியது. ஊற்றிய ஆயில் சீக்கிரமே குறைந்தது. கிக்கரை மிதித்தால் காலுக்கு எதிர்ப்பே தெரியவில்லை. ஒரு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எஞ்சினைத் திறக்காமலே தீர்ப்புக் கிடைத்தது: "பிளாக் போச்சு சார். புதுப்பேட்டையில வேற எஞ்சின் கிடைக்கும், மாட்டிடலாம்." நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். திருகு அளவியைக் கையில் வைத்திருந்த ஒரு மாணவி கேட்டாள்: "சார், எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு அளந்து பார்த்தீங்களா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினெட்டு ஆண்டுகளாக 'கம்பியின் விட்டம் காண்க' என்று சொல்லிக்கொடுப்பவன் நான். என் வண்டியின் விஷயத்தில் ஒரு எண்கூட இல்லாமல் தலையாட்டியிருந்தேன்!

எஞ்சினுக்குள் எதை அளக்க வேண்டும்? அதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இந்த எஞ்சின் காற்றால் குளிர்வது. தண்ணீர்த் தொட்டி கிடையாது. வார்ப்பிரும்புச் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் நிற்கும். அவை எதற்கு? சூடான காப்பியை டம்ளரிலேயே வைத்திருந்தால் ஆற நேரமாகிறது. டபராவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடுகிறது. பரப்பு கூடினால் வெப்பம் வேகமாக வெளியேறும். டபரா செய்யும் வேலையைத்தான் தகடுகளும் செய்கின்றன.

எவ்வளவு வெப்பம் வெளியேற வேண்டும்? கணக்குப் போடுவோம். வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. லிட்டருக்கு 35 கிலோமீட்டர் தருகிறது என்று கொள்வோம். மணிக்குச் சுமார் 1.4 லிட்டர் பெட்ரோல் எரிகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உள்ளது. வகுத்துப் பாருங்கள்: விநாடிக்கு 12 கிலோஜூலுக்கு மேல், அதாவது 12 கிலோவாட்டுக்கு மேல் வருகிறது. இதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போவதில்லை. ஒரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மீதியில் பெரும்பகுதி, ஏறக்குறைய 4 கிலோவாட், சிலிண்டர் சுவர் வழியே காற்றுக்குப் போக வேண்டும். குளியலறை ஹீட்டர் இரண்டை அந்தச் சிறு உருளைக்குள் வைத்ததற்குச் சமம்!

சூடானால் பொருள் விரியும் என்று படித்திருக்கிறீர்கள். சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். அது வார்ப்பிரும்பு. உள்ளே ஓடும் பிஸ்டன் அலுமினியக் கலவை. இரண்டும் 100 டிகிரி சூடேறினால் சிலிண்டர் சுமார் 0.08 மி.மீ. விரியும், பிஸ்டனோ சுமார் 0.14 மி.மீ. விரியும். இடைவெளி 0.06 மி.மீ. குறைந்துவிடும். உண்மையில் பிஸ்டன் சிலிண்டரைவிட அதிகம் சூடாவதால் இன்னும் குறையும். ஆகவே குளிர்ந்த நிலையில் ஒரு தலைமுடியின் கனம் அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் எஞ்சின் கட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். மிகவும் கூடினால் ஆயில் மேலேறி எரிந்து நீலப் புகையாகும். ஓர் எஞ்சினின் உயிர் அந்த ஒரு முடிக் கனத்தில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஆகவே வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர். "முதல்ல திறப்போம் சார், அப்புறம் பேசுவோம்" என்றார். எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கழற்றி, லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம். அங்கே போர் கேஜ் என்ற கருவி உண்டு. உங்கள் திருகு அளவியைப் போலவே அதுவும் 0.01 மி.மீ. வரை காட்டும், விட்டத்தை உள்ளிருந்து அளக்கும். மேலே, நடுவே, கீழே என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு திசைகளில் அளந்தோம். ஆக ஆறு எண்கள்.

அடிப்பகுதியில் 70.04. மேற்பகுதியில் ஒரு திசையில் 70.15, மறு திசையில் 70.24. இந்த எண்கள் பேசுகின்றன, கேளுங்கள். மேலேதான் வெப்பமும் அழுத்தமும் அதிகம். ஆயில் படலமும் மெலிந்திருக்கும். ஆகவே தேய்மானமும் அங்கே அதிகம். கனெக்டிங் ராட் சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரை அழுத்துகிறது. ஆகவே வட்டமாக இருந்த துளை நீள்வட்டமாகிவிட்டது. பாடப்புத்தகத்தில் படித்த விசைகள் அரை நூற்றாண்டாக இரும்பில் எழுதிவைத்த கையெழுத்து அது!

முடிவு என்ன? துளையை 70.5 மி.மீ. அளவுக்குப் போர் எடுத்து, அளவு கூட்டிய பிஸ்டனும் புது ரிங்குகளும் போட்டால் போதும். பிளாக் 'போகவில்லை'. கன அளவு 346 சி.சி.யிலிருந்து 351 ஆகும், அவ்வளவுதான். 90 மி.மீ. நீளம் ஓடும் பிஸ்டன் இது; நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அளவை நமக்குப் பிடித்த செய்தியை மட்டும் சொல்லாது. கனெக்டிங் ராடின் கீழ் முனையில் ஆட்டம் இருந்தது. அங்குள்ள புஷ் தேய்ந்திருந்தது. அதனால் கிராங்கையும் பிரிக்க வேண்டியதாயிற்று. மூன்று வாரம் ஆயிற்று. செலவும், வேறு எஞ்சின் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையை ஏறத்தாழத் தொட்டுவிட்டது. பணம் மிச்சமாயிற்று என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு லாபம் என்ன என்கிறீர்களா? பழைய இரும்புக் கடையிலிருந்து வரும் எஞ்சினையும் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். தெரிந்த பழுதைக் கொடுத்துவிட்டுத் தெரியாத பழுதை வாங்கியிருப்பேன். அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதும் தெரியாது. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் இருக்கிறது. அதை மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். மேலும் 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டைக் கடந்து, எஞ்சின் உட்பட மூல நிலையில் உள்ள வண்டிகளையே பாரம்பரிய வாகனமாகத் தனிவரிசை எண்ணில் பதிவு செய்ய முடியும். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது என்பதும் அந்த விதியில் உண்டு.

அப்படியானால் எஞ்சினை மாற்றவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் இதே கம்பெனி 'டாரஸ்' என்ற டீசல் புல்லட்டை விற்றது. 18 குதிரைத்திறன் தரும் பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் 6.5 குதிரைத்திறன் தரும் 325 சி.சி. டீசல் எஞ்சின்! வேகம் போயிற்று, ஆனால் எரிபொருள் செலவு வெகுவாகக் குறைந்தது. பாரம் ஏற்றி நிதானமாகப் போகிறவருக்கு அந்த மாற்றம் சரியே. புகை விதிகள் இறுகிய பிறகு அதுவும் நின்றுவிட்டது.

உலகப் புகழ் பெற்ற ஜெர்மானிய ஸ்போர்ட்ஸ் கார் போர்ஷே 911-ஐப் பாருங்கள். 1964 முதல் 1998 வரை அதன் எஞ்சின் காற்றால்தான் குளிர்ந்தது. பிறகு தண்ணீருக்கு மாறினார்கள். ஒரு கிலோ தண்ணீர் ஒரு கிலோ காற்றைப்போல் நான்கு மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். ஒரே அளவு இடத்தில் காற்றைவிட 800 மடங்கு எடையுள்ள தண்ணீர் அடங்கும். திறன் கூடக் கூட, புகை விதிகள் கடுமையாக ஆக, தண்ணீர் தேவைப்பட்டது. அதுவும் கணக்குப் போட்டு எடுத்த முடிவுதான். ஆயினும் பழைய 911 வைத்திருப்பவர்கள் இன்றும் அதே எஞ்சினைப் பிரித்து, அளந்து, மறுபடி கட்டுகிறார்கள்.

"மின் மோட்டார் மாட்டினால் என்ன?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. மின் மோட்டார் தான் பெறும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் இயக்கமாக மாற்றும். நம் புல்லட்டால் மூன்றில் ஒரு பங்குகூட முடியாது. ஆகவே தினமும் கல்லூரிக்குப் போக நான் புல்லட்டை எடுப்பதில்லை. மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் இருக்கிறது. பழைய எஞ்சின் நகரத்தின் காற்றுக்கு நல்லது என்று வாதிட்டால் இயற்பியல் என்னை மன்னிக்காது.

என் கட்சி இதுதான்: சீர்செய்வதோ மாற்றுவதோ, எதுவானாலும் முடிவு எடுங்கள். ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டு எடுங்கள். 'போச்சு' என்பது அளவு அல்ல. நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் திருகு அளவி செய்முறைத் தேர்வின் மதிப்பெண்ணுக்காக மட்டும் பெட்டியை விட்டு வெளியே வருகிறது. தேர்வு முடிந்ததும் மீண்டும் பெட்டிக்குள் போய்விடுகிறது. லேத் பட்டறையிலோ அது அன்றாடம் சோறு போடுகிறது. இரண்டும் ஒரே கருவிதான் என்று நாம் யாரும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை உங்கள் தெருப் பட்டறையில் எஞ்சினைப் பிரிக்கும்போது அருகே நின்று பாருங்கள். மெக்கானிக் அண்ணனிடம் அனுமதி கேட்டு, கழற்றிப் போட்ட பழைய பிஸ்டனை வாங்கி, பள்ளித் திருகு அளவிக்குள் அடங்காவிட்டால் வெர்னியரிலாவது அளந்து பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, ஏன் அங்கே என்று யோசியுங்கள்.

என் புல்லட் இப்போது ஓடுகிறது. புது ரிங்குகள் படிய வேண்டும் என்பதால் முதல் சில நூறு கிலோமீட்டர் 40-க்கு மேல் போகக் கூடாதென்று பெரியவர் கட்டளையிட்டிருக்கிறார். சென்ற ஞாயிறு ஏரிக்கரைச் சாலையில் ஒரு சைக்கிள்காரர் என்னை முந்திக்கொண்டு போனார். பரவாயில்லை!