ஐம்பது பிரதி, ஒரு ஸ்கெட்ச் பேனா

மூன்று கார்டு வாசிக்கத் தெரிந்தால் போதும், கிட்டாரோடு மேடை ஏறலாம் என்ற பங்க் இசை லண்டனில் தலைகாட்டிய வருடம் 1976. அதைப் பற்றிப் படிக்க ஒரு பத்திரிகை இல்லையே என்று மார்க் பெர்ரிக்கு ஆதங்கம். வங்கி குமாஸ்தா, வயது 19. தானே ஆரம்பித்துவிட்டார்: 'ஸ்னிஃபின் க்ளூ'. ராமோன்ஸ் பாட்டிலிருந்து சுட்ட பெயர். (அர்த்தம் வேண்டாம், வீட்டில் குழந்தைகளும் படிப்பார்கள்!)

நம்மூர் கையெழுத்துப் பத்திரிகை பார்த்தவர்களுக்கு அதன் முகம் புரியும். குழந்தைகளின் டைப்ரைட்டரில் தட்டிய வரிகள், ஸ்கெட்ச் பேனாவில் கிறுக்கிய தலைப்பு. தப்பாக அடித்தால் அதன் மேலேயே அடித்துவிட்டு அடுத்த வார்த்தை. அப்படியே ஜெராக்ஸ். முதல் இதழ் 50 பிரதிதான்.

ஆனால், எழுதியவன் கச்சேரியில் முன்வரிசையில் நின்றவன். அந்தச் சூடு எழுத்தில் இருந்தது. ஒரே வருடத்தில் விற்பனை ஆயிரக்கணக்கில் ஏறியது. எங்களையே படித்துக்கொண்டிருக்காமல் நீங்களும் ஒன்று தொடங்குங்கள் என்று வாசகர்களை விரட்டினார் பெர்ரி. கிளாஸ்கோவில் 'ரிப்டு அண்ட் டோர்ன்' அதே 1976-லேயே கிளம்பிவிட்டது.

எனக்குப் பிடித்தது அடுத்து அவர் செய்ததுதான். 1977-ல், நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே, 12-வது இதழோடு மூடினார். பெரிய பத்திரிகைகள் மாதிரி ஆகிவிடக் கூடாதாம். போகிறபோக்கில் அந்த இதழோடு தன் 'ஆல்டர்நேட்டிவ் டிவி' குழுவின் பாட்டுத் தட்டையும் இலவசமாகக் கொடுத்தார்.