வாழைக்காய்க்கு ஒரு நீதி, வஞ்சிரத்துக்கு ஒரு நீதி

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் யாவரும் அறிந்த கேள்வி ஒன்றுண்டு: “நீங்க வெஜிடேரியன்தானே?” முன்பணம், தண்ணீர், வண்டி நிறுத்த இடம் எல்லாம் இதற்குப் பின்னர்தான். சாதியை நேராகக் கேட்பது நாகரிகமல்ல என்று கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை, நாக்கின் வழியாக அதைக் கேட்கப் பழகிவிட்டது. இதைச் சொன்னால் இலக்கிய நண்பர்களே மறுக்கிறார்கள். “சாதியெல்லாம் இல்லை, வாசனைதான் ஒத்துக்கொள்வதில்லை” என்கிறார்கள். விளிம்புநிலை பற்றி நாற்பது பக்கக் கட்டுரை எழுதியவர்கள்கூட இவ்வாதத்தை எளிதில் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதே என்னை எழுத வைக்கிறது.

ஆகவே வாசனையைப் பற்றியே பேசுவோம், அடுப்படியில் நின்று.

புதிய மீனுக்கு நாற்றம் மிகக் குறைவு. பிடித்தபின் நேரம் செல்லச்செல்ல நுண்ணுயிர்கள் மீனின் தசையிலுள்ள ஒரு பொருளைச் சிதைத்து டிரைமெதிலமைனாக மாற்றுகின்றன. நாம் கவிச்சி என்பது பெரும்பாலும் அதைத்தான். எலுமிச்சையோ புளியோ சேர்த்தால் அமிலம் அதைக் கட்டிப்போடுகிறது. பாட்டிமார் மீனைப் புளித்தண்ணீரில் அலசியதற்கு வேதியியல் பட்டம் தேவைப்படவில்லை.

இனி மாவு. வஞ்சிரத் துண்டங்களை, இயலாதவர்கள் கிழங்கானையோ நெத்திலியையோ, அலசித் துணியால் ஈரம் போக ஒற்றியெடுக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் பின்னால் எது செய்தும் பயனில்லை. உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, சில துளி எலுமிச்சை தடவி அரைமணி நேரம் வைக்கலாம். அரிசி மாவு இரண்டு பங்கு, கடலை மாவு ஒரு பங்கு, சோள மாவு ஒரு பங்கு. குளிர்ந்த நீர் விட்டு, துண்டின்மேல் மெல்லிய போர்வையாய் நிற்கும் பதத்தில் கரைக்க வேண்டும். மொறுமொறுப்புக்கு அரிசி மாவே ஆதாரம். மைதாவைப் போல அதில் இழுவைத்தன்மை இல்லை. எண்ணெய் 180 டிகிரி அளவில் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு மாவை விட்டால் உடனே மேலெழும்பும், கருகாது. உள்ளே விட்டதும் மாவின் ஈரம் ஆவியாகி வெளியே பாய்கிறது. அந்த ஆவி பாயும்வரை எண்ணெய் உள்ளே புகமுடியாது. ஒரே ஈட்டில் பத்துத் துண்டுகளைத் திணித்தால் எண்ணெய் ஆறிவிடும், மாவு எண்ணெய் குடிக்கும். எடுத்ததை மூடி வைக்கவே கூடாது. ஓட்டைத் தட்டில் பரப்ப வேண்டும். கோழி என்றால் மிதமான சூட்டில் ஒருமுறை வேகவிட்டு, ஆறவைத்து, நல்ல சூட்டில் மறுமுறை பொரிப்பது உத்தமம்.

இப்போது நண்பர்களைக் கேட்கிறேன். இந்த மாவிலிருந்து மீனை எடுத்துவிட்டு வாழைக்காயை வைத்தால் அது என்ன? மாடவீதியில் மாலைதோறும் மணக்கும் பஜ்ஜி. அதே மாவு, அதே எண்ணெய், அதே புகை. மீன் உறைக்குள் அடங்கிவிடுகிறது, வெளியே வருவதில் பெரும்பகுதி பொரிந்த மாவின் மணம். பஜ்ஜிப் புகை பக்கத்து வீட்டுக்குப் போனால் அது பண்பாடு, வஞ்சிரப் புகை போனால் ஒப்பந்த மீறல்! மூக்கு இப்படிப் பாகுபாடு பார்ப்பதில்லை. மூக்கின் பெயரால் வேறு யாரோ பார்க்கிறார்கள்.

மரபைத் துணைக்கழைப்பவர்களுக்கும் ஒரு சொல். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைச் சொல்லும்போது, மீனும் இறைச்சியும் பொரியும் ஓசை நிறைந்த முற்றத்தையும் சேர்த்தே சொல்கிறது. அதை அடக்கிய பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் மீனைத் தொடாதவர். ஆயினும் அந்த ஓசையை ஏட்டிலிருந்து அழித்துவிடவில்லை. பதிப்பு நேர்மை என்பது அது. மாநிலக் கல்லூரி வளாகத்தில் அவர் சிலை மெரினாவைப் பார்த்து நிற்கிறது, மணலில் மீன் பொரிக்கும் கடைகளை உள்ளிட்டு. பங்குனியில் அறுபத்துமூவர் வீதியுலா வரும்போது நாகப்பட்டினத்து மீனவர் அதிபத்தரும், இறைச்சியைச் சுவைத்துப் பார்த்துப் படைத்த கண்ணப்பரும் இதே மாடவீதிகளில்தான் பல்லக்கில் வருகிறார்கள். அவர்களுக்கு வீதியில் இடமுண்டு. அவர்கள் வழிவந்தவருக்கு மாடியில் ஒரு போர்ஷன் இல்லை.

கபாலீசுவரர் கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நொச்சிக்குப்பம். மயிலாப்பூர் என்றதும் டிகிரி காப்பியும் கோலமும் மட்டுமே நினைவுக்கு வரும் நம் எழுத்தாளர்களின் வரைபடத்தில் அது கிடையாது. 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் லூப் சாலையோர மீன்கடைகள் குறித்துத் தானே முன்வந்து வழக்கெடுத்து, ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்னது. மாநகராட்சி அகற்றியது, மீனவர்கள் படகுகளைச் சாலையில் வைத்து மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கடற்கரை அவர்களுடையது, சாலை பின்னால் வந்தது என்ற எளிய வரலாற்றைச் சொல்ல அவர்கள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. அந்நாட்களில் நம் இலக்கியக் கூட்டங்கள் எதிலாவது இது பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒருவர் தம் வீட்டில் மீன் சமைக்காமல் இருப்பது அவர் உரிமை. அதில் எனக்கு வழக்கேதுமில்லை. அடுத்தவர் வாணலிக்குள் என்ன கிடக்கிறது என்பதை முத்திரைத்தாளில் எழுதி வாங்குவதில்தான் வழக்கு.

இப்பக்கங்களைப் படிப்பவர்களில் தென்சென்னையில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் சிலருண்டு; பலரை நேரிலும் அறிவேன். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா? வாசனைதான் காரணம் என்றால், அதே வரியில் பஜ்ஜியையும் சேர்க்கச் சம்மதமா? மறுமொழியில் எழுதுங்கள்.