பெருமங்கலம்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்ப்பெற்றோர் சிலர் தம் பிள்ளையின் பிறந்தநாளைத் தேநீர் விருந்தாகக் கொண்டாடுகின்றனர். கொண்டாடட்டும்! ஆனால், சுடரை ஊதி அணைப்பதும் ஆங்கிலத்தில் வாழ்த்துவதும் எதற்கு? மன்னன் சினம் நீக்கி மகிழ்ந்த பிறந்தநாளைத் தொல்காப்பியம் 'பெருமங்கலம்' என்கின்றதே!

அவ்விருந்தின் தேநீர்க்கும் வரலாறு உண்டு. 1964-இல் சிரிமாவோ–சாத்திரி உடன்படிக்கை இலங்கை மலையகத் தமிழரைத் தலையெண்ணிப் பங்கிட்டது. அங்கிருந்து பெயர்க்கப்பட்டோர்க்கு வாழ்வளிக்கவே 1968-இல் நீலமலையில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன.

கொழுந்து பறிப்போர் பிள்ளைகளையும் விருந்துக்கு அழைத்திடுக! ஒரே பந்தியில் அமர்த்துக! விளக்கேற்றித் தூய தமிழில் வாழ்த்துக! தன் இனம் எதுவென அன்று குழந்தை அறியும். தமிழர்க்குப் பெருமங்கலம் அதுவே!